பழுது இல்லாத அடுப்பு

இந்தத் தொழிலில் எனக்கு அதிகச் சிரமம் கொடுத்தவை பழுதான மெஷின்கள் அல்ல. பழுதே இல்லாத மெஷின்கள்தான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்று பேசுவதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டபோதுகூட "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டவன் நான். அதனால் எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. அதற்குத் தகுந்தாற்போலத்தான் எழுத்தும் இருக்கும்.

போர்டு எப்படி மாற்றுவது, மோட்டாரை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். மறந்துபோனால் பார்த்துக்கொள்ள வீடியோவும் இருக்கிறது. அதில் எதிலும் வராத ஒரு விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

மெஷின் வேலை செய்யவில்லை என்று ஃபோன் வரும். போய்ப் பட்டனைத் தொட்டால் சமர்த்தாக ஓடும். வாடிக்கையாளர் முகம் சுருங்கிப்போகும். மந்தைவெளியில் ஒரு பெரியவர் வீட்டு வாஷிங் மெஷின் இப்படித்தான். அவருடைய விரல் காய்ந்துபோன விரல். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும் அந்தப் பலகை அவர் தொட்டதைக் கண்டுகொள்ளவே இல்லை. சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்த அவர் மனைவி ஒரு தட்டுத் தட்டினார், ஓடியது. "பாத்தீங்களா, இவளுக்கு மட்டும்தான் அடங்குது. அதுவும் என்னை மாதிரியே" என்றார் பெரியவர். மூன்று பேரும் சிரித்தோம். நான் செயலியில் "பழுது இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.

உங்கள் ஃபோனில் இருக்கும் அந்தச் செயலியைப் பாருங்கள். மோட்டார், பெல்ட், சென்சார், எலி கடித்த வயர் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. மெஷினும் நன்றாக இருக்கிறது, ஆளும் நன்றாக இருக்கிறார், ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு மட்டும் இடம் கிடையாது. எனக்கு அது உறைத்தது அடையாறில் ஒரு வீட்டில். அந்த வீட்டுக் கதையை மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடிப் போர்ஷன். ஒடுக்கமான படி. மேலே கேஸ் சிலிண்டர் ஏற்றக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியே வாடகைக்கு விட்டிருந்தார். அதனால் மின்சார இண்டக்‌ஷன் அடுப்பு. கதவைத் திறந்தது என் வயதுள்ள ஓர் அம்மா. தலையில் முக்காடு, கையில் கரண்டி.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. இது ஒதவாத அடுப்புன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. எம் பொண்ணு நான் சொன்னா கேக்க மாட்டா, கம்பெனிக்காரங்க சொன்னா கேப்பா."

"அம்மி, அவரு இன்னும் செருப்புகூடக் கழட்டல" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தக் குரலுக்கு உரியவர் ஷபானா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வங்கியில் வேலை. அடையாறு கிளைக்கு மாற்றலாகி, வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியாக வீடு எடுத்திருந்தார். துணைக்கு வந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஆம்பூர் திரும்ப வேண்டும். இருவருக்கும் ஒரு பேச்சு. அதற்குள் ஷபானா இந்த அடுப்பில் யார் உதவியும் இல்லாமல் சமைத்துக் காட்டிவிட்டால் அம்மா மட்டும் ஊருக்குப் போவார். முடியாவிட்டால் மகளும் கூடவே போக வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் மாற்றல் கேட்கலாம். கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடலாம். இதை அம்மா என்னிடம் நின்றபடியே சொல்லிவிட்டார். நான் கேட்கக்கூட இல்லை.

"ஊர்ல கேஸ் அடுப்புல பிரியாணியே செய்வேன் சார்" என்றார் ஷபானா. "திருகு இருக்கும், எவ்வளவு திருகினோம்னு கைக்குத் தெரியும். தீ எரியுற சத்தம் காதுக்குத் தெரியும். இதுல ஒண்ணுமே இல்ல. சிலேட்டு மாதிரி இருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஆசையா வாங்கிக் குடுத்தாங்க. இருக்கிறதுலயே விலை கூடின மாடலாம்."

அடுப்பைப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பழக்க தோஷத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதை அங்கேயும் சொன்னேன். "ஒண்ணும் இல்ல மேடம். இதோ பாருங்க, இந்தச் சிவப்பு லைட்டு வந்தா…"

சொன்ன பிறகுதான் உறைத்தது. காது வரை சூடானது எனக்கு.

"சொல்லுங்க சார், எந்தச் சிவப்பு?" என்று கேட்டுவிட்டு ஷபானா விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல வேளை, அவர் சிரித்தார்.

அப்போது பார்த்து ஃபோன். எங்கள் மேற்பார்வையாளர். "இன்னாபா, மெஷின் ஓகேதானே? க்ளோஸ் பண்ட்டு திருவான்மியூர் போ. அங்க ஒரு வீட்டுல மெஷின்லேர்ந்து தண்ணி ஊத்திக்கினு கீது, அந்தம்மா என்னைப் புடிச்சித் திட்டிக்கினு கீறாங்க."

அவசரத்திலும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பையில் இருந்த சிலிக்கான் பசையை எடுத்து, அடுப்பின் பட்டன்கள் மேல் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். காய்ந்தால் குமிழ் மாதிரி நிற்கும். தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். "ராத்திரி வரைக்கும் தொடாதீங்க, நாளைலேர்ந்து ராணி மாதிரி சமைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வண்டியில் போகும்போது எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

மறுநாள் அதே வீட்டிலிருந்து மறுபடியும் புகார்.

போனேன். "சமையுங்க மேடம், நான் சும்மா நிக்குறேன்" என்றேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம் அது. அவர் விரலால் குமிழ்களைத் தேடினார். முதல் குமிழைத் தொட்டார், பீப். இது இல்லை என்று அடுத்ததைத் தொட்டார், அதுவும் பீப். தேடத் தேட அடுப்பு கண்டபடி மாறிக்கொண்டே போனது. எல்லாப் பட்டனுக்கும் ஒரே பீப் வேறு. ஒரு கட்டத்தில் அதுவே குழம்பிப்போய் நின்றுவிட்டது.

காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நாம் கண்ணால் தேடி விரலால் அழுத்துகிறோம். அவருக்குத் தேடுவதும் விரல்தான், அழுத்துவதும் விரல்தான். தொட்டாலே வேலை செய்யும் பலகையில், தேடினாலே அழுத்தியதாக ஆகிவிடும். நான் குமிழைப் பட்டன் மேலேயே வைத்திருந்தேன். கண் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"அடுப்பு மட்டும்னா பரவால்ல சார்" என்றார் ஷபானா. "வேற அடுப்பு வாங்கிக்கலாம். தி. நகர்ல ரெண்டு கடை ஏறி எறங்கிக் கேட்டேன். திருகு வெச்சது ஆர்டர் குடுத்தாத்தான் வருமாம், எப்ப வரும்னு தெரியாதாம். ஆனா எத்தனையத்தான் மாத்துறது? ஆபீஸ் லிஃப்ட்டுல முன்னாடி பட்டன் இருந்துச்சு, இப்ப வழவழன்னு கண்ணாடி. கடையில கார்டு தேய்க்கிற மெஷின்லயும் பட்டன் போயி கண்ணாடி வந்துடுச்சு. ஒரு துணிக்கடைக்காரரு, ரகசிய நம்பரைச் சொல்லுங்க மேடம், நானே அடிக்கிறேன்னாரு. அப்ப உங்க கார்டு நம்பரையும் என் காதுல சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் சமமா இருக்கட்டும்னேன்."

"அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?" அம்மாவுக்கு இது புதுக் கதை போல.

"காசா குடுத்துடுங்க மேடம்னு சொல்லிட்டாரு."

அம்மா சிரித்துவிட்டார். ஆனால் உடனே சுதாரித்துக்கொண்டு, "இதுக்குத்தான் சொல்றேன், ஊருக்கு வா" என்றார்.

நான் பசைச் சொட்டுகளைச் சுரண்டிக்கொண்டே, வேறு எங்கே குமிழ் வைக்கலாம் என்று யோசித்தேன். பட்டனுக்குக் கீழே வைக்கலாமா, பக்கத்தில் வைக்கலாமா? ஷபானா வேறு வழியில் போனார்.

"குமிழே வேணாம் சார். எனக்கு எங்க அழுத்தணும்கிறது அப்புறம். முதல்ல கையை எங்க வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு தெரியணும். பலகை மேல வேற ஏதாவது மூடி மாதிரி இருந்து, பட்டன் இருக்கிற எடத்துல மட்டும் ஓட்டை இருந்தா? தடவலாம். ஓட்டை வந்தா விரலை உள்ள எறக்கலாம்."

நான் அழுத்தும் இடத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கையை வைத்து இளைப்பாறும் இடத்தை யோசித்தார். இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாத கோணம் அது.

மேற்பார்வையாளரிடம் ஃபோனில் சொன்னேன். "யப்பா, பேனல்ல ஏதாச்சும் ஒட்டி வெச்சா வாரண்டி பூடும். நாளைக்கி ஏதாச்சும் ஒண்ணுன்னா அந்தப் பொண்ணுதான் மாட்டும். பாத்துக்க" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னது நியாயமும்கூட. அதனால் ஒட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். மேலே வைக்க வேண்டும், வேண்டாமென்றால் எடுத்துவிட வேண்டும். விதியை மீறவும் வேண்டாம், விதியைக் காட்டித் தப்பிக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

பலகையின் அளவை ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு, மயிலாப்பூரில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் செய்யும் கடைக்குப் போனேன். கடைக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, நம்பரே இல்லாத நம்பர் பிளேட்டா கீது? எந்த வண்டிக்கு?"

"அடுப்புக்கு."

"அடுப்புக்கா? அடுப்பைக்கூடப் போலீஸ்காரன் நிறுத்துறானா இப்ப?"

விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேலி செய்யவில்லை. கனமான பிளாஸ்டிக் பலகையில் ஓட்டை போட்டுத் தன் விரலை விட்டுப் பார்த்தார். "பொண்ணு கையி, இந்த சைசு போதும். ஓரம் வெட்டும், தேய்ச்சித் தரேன் இரு" என்று உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "அர்ஜென்ட் வேல, ஒக்காரு மச்சி" என்று அவர்களுக்கு அதட்டல் வேறு.

சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கொண்டுபோய் வைத்தேன். நாலு மூலையிலும் சின்ன ரப்பர், பலகையை லேசாகத் தூக்கிப் பிடிக்க. ஷபானா இரண்டு கையையும் அதன் மேல் பரப்பி வைத்தார். பீப் இல்லை. இடமும் வலமும் தடவினார். பீப் இல்லை. "அப்பாடா" என்றார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அடுப்பின் குணத்தைப் படித்தோம். போட்டவுடன் எப்போதும் ஒரே சூட்டில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பீப்புக்கு ஒரு படி சூடு, எத்தனை பீப் என்று எண்ணிக்கொண்டால் போதும். நான் பார்த்துச் சொல்ல, அவர் எண்ணிக் காதில் ஏற்றிக்கொண்டார். அம்மா கூடத்தில் உட்கார்ந்து, காதில் விழாதவர் போலவே கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் நான் கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டேன். என் பையன் தட்டித் தந்தான். உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று புரிந்தது. மெஷினை உருவாக்குகிறவர்களுக்கு, வீட்டுக்குள் அது என்ன பாடுபடுத்துகிறது என்று சொல்வதற்கு நம்மைத் தவிர ஆள் இல்லை. நாமோ உடைந்ததை மட்டும்தான் எழுதி அனுப்புகிறோம். உடையாத மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று யாருக்குமே தெரியாமல் போகிறது. பார்வை இல்லாதவர், விரல் நடுங்குகிறவர், ஆங்கில எழுத்துப் புரியாதவர், சின்ன எழுத்துத் தெரியாதவர். எல்லாரும் "பழுது இல்லை" என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறார்கள். அதனால் செயலியில் இடம் இல்லாவிட்டாலும், கீழே குறிப்புக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் தினமும் எழுதுங்கள். சலிக்காமல் எழுதுங்கள். கிளம்புவதற்கு முன்னால், நீங்கள் போட்டுக் காட்டுவதை நிறுத்திவிட்டு அவர்களைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. நமக்கு அன்றுதானே வேலை அதிகம். காலையில் முதல் வீடாக அங்கே போனேன். கூடத்தில் இரண்டு பை கட்டி வைத்திருந்தது. ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று மகளுடையது, அதையும் அம்மாவே கட்டியிருந்தார்.

"உக்காருங்கண்ணே. நீங்களும் சாட்சி. டீ போடுறாளாம்" என்றார் அம்மா.

ஷபானா அடுப்பைப் போட்டார். பீப்பை எண்ணினார். பால் பாத்திரத்தை வைத்தார். இஞ்சி தட்டினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நடுவில் அம்மா, "டீத்தூள் டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்க, "உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு வந்தவ நான்" என்று மகள் திரும்பிப் பதில் சொன்ன அந்த நேரத்தில் பால் பொங்கிவிட்டது.

பொங்கி, வழிந்து, பலகைக்கு அடியில் ஓடி, பட்டன்களெல்லாம் நனைந்து, அடுப்பு விடாமல் கத்திவிட்டு அணைந்தது.

"பாத்தியா! நான் சொல்லல?" அம்மா எழுந்துவிட்டார். நானும் பாதி எழுந்துவிட்டேன். துடைக்கத் துணி எங்கே என்று என் கண் தேடியது. பட்டனைத் தொட என் கை துடித்தது. நம் கைக்கு அது பழக்கம், பீப் சத்தம் கேட்டால் சும்மா இருக்காது.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் ஷபானா, திரும்பாமலே. "நாற்காலி நகர்ந்தது கேட்டுச்சு."

அன்று நான் செய்த பெரிய வேலை மறுபடியும் உட்கார்ந்ததுதான். சர்க்யூட்டைப் பிரித்து மாட்டியபோதெல்லாம் எனக்கு அவ்வளவு சிரமம் இருந்ததில்லை. நான் எழுந்துபோய் ஒரு நொடியில் துடைத்துக் கொடுத்திருந்தால் டீ நன்றாக வந்திருக்கும், ஷபானா ஆம்பூர் போயிருப்பார்.

அவர் பிடித் துணியால் பாத்திரத்தை இறக்கி மேடையில் வைத்தார். நான் செய்து கொடுத்த மூடியை எடுத்துக் குழாயில் கழுவினார். பலகையை ஈரத் துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தார். புறங்கையால் தடவிப் பார்த்து, மூடியை மறுபடி வைத்து, மூலை ரப்பர்களைச் சரிபார்த்தார். அடுப்பைப் போட்டு, முதலிலிருந்து பீப்பை எண்ணினார். மீதிப் பாலை வைத்தார். இந்த முறை அம்மா எதுவும் கேட்கவில்லை.

மூன்று டம்ளரில் டீ வந்தது.

அம்மா ஒரு வாய் குடித்தார். "சக்கரை கம்மி" என்றார்.

"உங்களுக்குச் சுகர் இருக்கு, அதான்."

இன்னொரு வாய் குடித்தார். அடுப்பைப் பார்த்தார். "நம்மூட்ல பால் பொங்குனா தீ அணைஞ்சிட்டு கேஸு வந்துக்கினே இருக்கும். வாசனை வந்தாத்தான் எனக்கே தெரியும்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இது கத்திட்டு அதுவா நின்னுடுச்சில்ல?"

நான் தலையாட்டினேன். ஷபானாவுக்குத் தெரியட்டும் என்று, "ஆமாம்மா" என்று வாய் திறந்தும் சொன்னேன்.

அம்மா எழுந்தார். மகளின் பையை இழுத்து முடிச்சை அவிழ்த்தார். துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினார். "சிவப்பு சுடிதார் மேல் தட்டுல, ரெண்டாவதா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. பையை நான் கீழே எடுத்துப்போனேன். படிக்கட்டின் பாதியில் அம்மா நின்று மேலே பார்த்துச் சொன்னார். "வெள்ளிக்கிழமை வந்துடுறேன், தொழுகை முடிச்சிட்டு. மீன் வாங்கியாறேன்."

"வர்றதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணிட்டு வாங்க அம்மி" என்றது மேலேயிருந்து குரல். "நான் வீட்ல இருக்கணுமில்ல?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"கேட்டீங்களாண்ணே? ஒரு டீ போட்டா, அதுக்குள்ள நான் விருந்தாளி ஆயிட்டேன்" என்றார். ஆட்டோவில் ஏறும்வரை சிரித்துக்கொண்டே போனார்.